பெல்ட்டில் ஓடும் புஷ்பக விமானம்

எங்கள் ஓசூர் பக்கத்துக் கெலமங்கலத்தின் முதல் டிராபிக் ஜாம் 1799 மார்ச்சில் நடந்தது. திப்புவை முடித்துவிடுவது என்று கிளம்பிய ஆங்கிலேய ஜெனரல் ஹாரிஸ், மதராஸ் பட்டாளத்தோடும் நிஜாம் பட்டாளத்தோடும் இங்கே வந்து இறங்கினார். பின்னால் பத்தாயிரக்கணக்கில் மாடுகள். பீரங்கிக்கு மாடு, அரிசிக்கு மாடு, துரைகளின் சாராயத்துக்கும் மாடு. ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ச் சேர ஏப்ரல் 5 ஆகிவிட்டது. திப்புவின் ஆட்களோ இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்து, மாட்டுக்கும் துரைக்கும் மேலாக ராக்கெட் விட்டுக்கொண்டிருந்தார்கள். ரோடு சரியில்லையென்றால் மேலே போ என்ற யோசனை எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல.

பெங்களூரிலிருந்து சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி என்று மூன்று இடத்தில் சிக்கி வீடு திரும்பிய ஒரு ராத்திரி, எனக்கும் அந்த யோசனை வந்தது. பெலகொண்டப்பள்ளியில் ரன்வேயே இருக்கிறது. இத்தாலிக்காரரின் பி-68 விமானத்தை தனேஜா கம்பெனி அங்கேதான் கோத்தது. ஆனால் விமானமென்றால் போய் இறங்குகிற இடத்திலும் ரன்வே வேண்டும். ஹெலிகாப்டருக்குக் களத்துமேடு போதும். அதிலும் விலை மலிவாக, வீட்டிலேயே கோத்துக்கொள்கிற கிட்.

வாங்குமுன் வம்சம் விசாரிக்க வேண்டாமா? 1907இல் பிரான்ஸின் சைக்கிள்காரர் பால் கோர்னு ஓரடி உயரம் எழும்பினாராம். எங்கள் ரோட்டுப் பள்ளத்தில் விட்ட பைக் அதைவிட நன்றாகவே எழும்பும். 1939இல் அமெரிக்காவில் சிகோர்ஸ்கி தன் ஹெலிகாப்டரில் கோட்டும் தொப்பியுமாக ஏறி உட்கார்ந்தார். கன்றுக்குட்டியைப் போல வண்டியைக் கயிற்றில் கட்டித்தான் கிளப்பினார்கள். பிறகு அது பின்னால் போனது, பக்கவாட்டில் போனது; முன்னால் போவதற்கு மட்டும் அடம்பிடித்தது. கேட்டவர்களிடம், அது சின்ன விஷயம், இன்னும் சரிபண்ணவில்லை என்றாராம். பழைய டிராக்டர் விற்பவர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள்.

கிட் வகையில் இரண்டு தேறின. கனடாவில் பிறந்த மஸ்கிட்டோ: அமெரிக்காவில் லைசென்ஸே கேட்காத ரகமாக, 115 கிலோவுக்குள் அடங்குவது. ஆனால் கொசுவில் உட்கார்ந்து சில்க் போர்டைக் கடப்பதற்கு என் மானம் இடம் கொடுக்கவில்லை. அடுத்தது அரிசோனாவின் ரோட்டர்வே எக்ஸெக். இரண்டு சீட்டு. பழைய எக்ஸெக்கில் மேல் விசிறிக்குச் செயின், வால் விசிறிக்கு பெல்ட். இதைப் படித்ததும் பயம் போய்விட்டது. செயினும் பெல்ட்டும் தெரியாதவன் ஓசூர் பக்கம் உண்டா?

ஓட்டப் பழகுவதுதான் பேஜார். இடது கையில் கலெக்டிவ், வலது கையில் சைக்ளிக், காலில் பெடல். கூட்டுக் குடும்பம் மாதிரி, ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் சமாதானப்படுத்த வேண்டும். சொந்தத்துக்கு ஓட்டுகிற லைசென்ஸுக்கே 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இன்ஜின் நின்றால் ஒன்றிரண்டு விநாடிக்குள் கலெக்டிவைக் கீழே அமுக்கியாக வேண்டும். அப்போதுதான் காற்றே விசிறியைச் சுழற்றி இறக்கிவிடும். எனக்கு அலாரத்தை அமுக்கவே கால் மணி ஆகும்.

கடன் கேட்க மாவுமில் மாமாவிடம் போனேன். ராகி கொட்டிக்கொண்டிருந்தார். எக்ஸெக்கின் படத்தை மாவுக் கையாலேயே வாங்கி வாலைப் பார்த்தார்.

“பெல்ட்டாடா இது?”

“ஆமா மாமா. நம்ம மில்லு மாதிரியே.”

“போன வாரம் நம்ம பெல்ட் அறுந்துச்சே, மில்லு எங்கே போய் விழுந்துச்சு?”

“எங்கேயும் விழலையே மாமா.”

“அதான்” என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த மூட்டையைப் பிரித்தார்.