கணினி விசிறியின் தயக்கம்: ஓர் ஆய்வு

1. களமும் வினாவும்

சென்னைப் புறநகரில் ஒரு படுக்கையறை, மூலையில் மேசைக் கணினி, மே மாதத்து இரவு 11 மணி. இவ்வாய்வின் களம் இதுவே. நெறியாளராக அமைந்தவர் என் மனைவி. "ஏங்க, அது என்ன நிமிஷத்துக்கு நிமிஷம் பெருமூச்சு விடுது?" என்பது அவர் முன்வைத்த ஆய்வு வினா. விடை கிடைக்கும்வரை ஆய்வாளர் கூடத்தில் படுக்கலாம் என்பது உதவித்தொகை விதி.

2. உடற்கூறு

இக்காலக் கணினி விசிறிக்கு நாலு கம்பி. ஒன்று எர்த், ஒன்று 12 வோல்ட், மூன்றாவது, சுற்றுக்கு இரண்டு துடிப்பு வீதம் தன் வேகத்தைத் தாய்ப்பலகைக்குச் சொல்கிறது. நாலாவது கம்பி வழியே நொடிக்கு ஏறத்தாழ 25,000 முறை "ஓடு, நில்" என்று ஆணை வருகிறது. ஓடச் சொன்ன நேரம் கூடினால் வேகம் கூடும். மனிதக் காதுக்கு 20,000 அதிர்வுக்கு மேல் எட்டாது. ஆகவே இந்த அதட்டலைப் பெருமூச்சு என்று நெறியாளர் மயங்கியிருக்க முடியாது.

3. இரு மதங்கள்

முழுவேக மதத்தார், விசிறி எந்நேரமும் பறக்க வேண்டும் என்பர். வேகம் இரட்டித்தால் காற்றும் இரட்டிக்கும் என்பது மெய்தான். ஆனால் விழுங்கும் மின்சாரம் எட்டு மடங்காகும், சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும். தவிர, அறையில் 34 டிகிரி இருந்தால், எத்தனை சுற்றினாலும் பிராசசரை 33-க்கு இறக்க எந்த விசிறியாலும் ஆகாது.

மௌன மதத்தார், விசிறியை நிறுத்தியே வைப்பர். பல இன்டெல் பிராசசர்கள் 100 டிகிரியை நெருங்கினால் தாமே வேகத்தைக் குறைத்து உயிர் காத்துக்கொள்ளும் என்பது அவர்கள் நம்பிக்கை. காய்ச்சல் முற்றினால் பிள்ளை தானே படுத்துக்கொள்ளும் என்று மருந்து வாங்காமலிருப்பது போன்றது இது.

4. ஆய்வாளர் கோட்பாடு

லினக்ஸில் விசிறியின் வேகம் 0 முதல் 255 வரையான ஓர் எண். அங்கே ஃபேன்கன்ட்ரோல் என்னும் நிரல் இரண்டு எண்களைத் தனித்தனியே கேட்கிறது: நின்ற விசிறி கிளம்ப எவ்வளவு வேண்டும், ஓடும் விசிறி நில்லாதிருக்க எவ்வளவு போதும். முன்னது பெரிது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாயை விட்டு எழுந்தவர் எவருக்கும் இதற்கு உரை வேண்டியதில்லை.

பெருமூச்சின் காரணம் வேறு. ஒரு வலைப்பக்கம் திறந்தாலே பிராசசர் நொடியில் பத்து டிகிரி எகிறி, அடுத்த நொடியில் இறங்கிவிடுகிறது. மேலே அமர்ந்திருக்கும் அலுமினியக் கட்டிக்கோ அவ்வளவு சீக்கிரம் சூடேறுவதில்லை. விசிறி பதறி ஓடி வருவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது, வெட்கப்பட்டுத் திரும்புகிறது, மறுபடி ஓடி வருகிறது. மருந்து, தயக்கம். 60 டிகிரியில் வேகமெடுத்தால் 55-க்கு இறங்கும்வரை வேகத்தைக் குறைக்காதே. சூடு சில நொடி நிலைத்தாலன்றி அசையாதே. பல தாய்ப்பலகைகளின் பயாஸிலேயே இதற்கு இடமுண்டு.

5. வாய்மொழித் தேர்வு

மூன்றாம் இரவு அமைப்புகளைச் சேமித்து, நெறியாளரை அழைத்தேன். காது கொடுத்துக் கேட்டவர், "பெருமூச்சு போச்சு. கர்ருன்னு ஒண்ணு இருக்கே?" என்றார். மீண்டும் விசிறியின் வேக வரைகோட்டைத் திறந்து, எண்களைக் குறைத்தேன். கர் குறையவில்லை. கணினியின் பக்கப் பலகையைக் கழற்றித் திருப்புளியுடன் குனிந்தபோது மின்சாரம் போயிற்று. யுபிஎஸ் தயவில் கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அறையில் ஒரு சத்தமில்லை. தலைக்கு மேல் கூரை விசிறி மட்டும் மெல்லச் சுற்றி ஓய்ந்தது.

ஆகவே, தயக்கம் விசிறிக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று. திருப்புளியை எடுக்குமுன், சத்தம் எந்த விசிறியுடையது என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்க.