கீரிமலையிலிருந்து மணற்காடு வரை

கேள்வி: அவுஸ்திரேலியாவில் கடலோரமாகக் கார் ஓட்டி, முந்திரிகைத் தோட்டங்களும் பார்த்து வந்தோம். யாழ்ப்பாணம் வந்தால் அப்படியொரு பயணம் வாய்க்குமா?
- வாசகர், மெல்பேர்ண்

பதில்: தாராளமாக! அங்கே கிரேட் ஓஷன் ரோட் 240 கிலோமீற்றர். எங்கள் பாதை அதில் கால்வாசியும் வராது. அதனால் அவசரமே இல்லை, ஒரு முழுநாளை ஒதுக்குங்கள். காலையில் கீரிமலைக் கேணியில் முழுக்கு. கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊற்று. அடுத்து வசாவிளானுக்கு அருகே தோலகட்டி. செம்மண்ணில் முந்திரிகைப் பந்தல். அங்குள்ள கத்தோலிக்கத் துறவிமடத்தின் வைனும் நெல்லிரசமும் பேர்போனவை. வைன் போத்தல் வீட்டுக்கு, நெல்லிரசம் சாரதிக்கு!

அச்சுவேலி தாண்டினால் தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி. பிறகு வல்வெட்டித்துறை: இங்கிருந்து புறப்பட்ட ‘அன்னபூரணி’ பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. பருத்தித்துறையில் தட்டைவடை வாங்கிக்கொண்டு மணற்காட்டு மணல்மேடுகளில் பயணத்தை முடியுங்கள். ஆண்டின் முற்பாதியில் வந்தால் பனங்கள்ளும் கிடைக்கும்.

பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். ஊரை அவர்களும் அறியட்டும்.