அக்கா மகனுக்கு பேரியாட்ரிக் ஆபரேஷனா? அறிவுரை சொல்வது எப்படி

அக்கா மகனுக்கு வயது 16, எடை 128 கிலோ. சுகர் வந்துவிட்டது. ராத்திரி குறட்டையின் நடுவே மூச்சு நின்று நின்று வருகிறது. எடைக்குறைப்பு ஆபரேஷனைப் பற்றி டாக்டர் பேசியிருக்கிறார். சேதி குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்தாகிவிட்டது. தாய்மாமன் நீங்கள், சும்மா இருக்க முடியுமா? இதோ வழிமுறைகள்.

1. பழைய பேச்சை மறந்துவிடுங்கள்

மூன்று வயதில் அவன் கன்னத்தைக் கிள்ளி, "கொழுகொழுன்னு இருக்கான், கண்ணு பட்டுடும்" என்றது நீங்கள்தான். எட்டாவது படிக்கும்போது ஊர்கூடிய இடத்தில் "டேய் குண்டா" என்று கூப்பிட்டதும் நீங்கள்தான். இப்போது அக்காவிடம், "இவ்வளவு தூரம் ஏன்க்கா விட்டே?" என்று கேளுங்கள்.

2. கைவசம் வைத்தியம் இருக்கட்டும்

"வாயைக் கட்டினா போதும்" என்று தொடங்குங்கள். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று முடியுங்கள். எடை குறையக் குறைய உடம்பே பசியைக் கூட்டி, செலவழிக்கும் சக்தியைக் குறைத்து, பழைய எடைக்கு இழுக்கும் என்று டாக்டர் விளக்கினால், "எங்க காலத்துல ஏது இந்த ஹார்மோனெல்லாம்?" என்று மடக்குங்கள். பரம்பரைக்கும் இதில் பெரிய பங்குண்டு என்று அவர் சொல்லும்போது மட்டும் தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.

3. தள்ளிப்போடச் சொல்லுங்கள்

"சின்னப் பையன். முப்பது வயசுல பாத்துக்கலாம்." கேட்க நன்றாக இருக்கும். பருமன் கடுமையாக இருந்தால் 13 வயதிலிருந்தே ஆபரேஷனுக்குப் பொருத்தமா என்று பார்க்க அனுப்பலாம் என்கிறது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ அகாடமியின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அங்கே நடந்த டீன்-லேப்ஸ் ஆய்வின் 2019 அறிக்கை, கேஸ்ட்ரிக் பைபாஸ் என்ற வகை எடைக்குறைப்பு ஆபரேஷன் முடிந்து 5 ஆண்டு ஆனவர்களைக் கணக்கெடுத்தது. டைப் 2 சர்க்கரை இருந்த டீன் ஏஜ் பிள்ளைகளில் 86 சதவீதம் பேருக்கு அது அடங்கியிருந்தது. பெரியவர்களான பிறகு செய்துகொண்டவர்களில் 53 சதவீதம்தான். "அமெரிக்காக்காரன் உடம்பு வேற" என்று தள்ளிவிடுங்கள். வேறுதான். நமக்கு அவர்களைவிடக் குறைந்த எடையிலேயே சுகர் வந்துவிடும். அதை வெளியே சொல்லாதீர்கள்.

4. ஆதரிப்பதென்றால் அதையும் அரைகுறையாகச் செய்யுங்கள்

"ஒரே மாசத்துல ஹீரோ மாதிரி ஆயிடுவே" என்று தட்டிக்கொடுங்கள். பேக்கேஜ் எவ்வளவு, ஆடித் தள்ளுபடி உண்டா என்று விசாரியுங்கள். ஸ்லீவ் என்ற இன்னொரு முறையில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள், திரும்ப ஒட்டவைக்க முடியாது என்ற பேச்சே வேண்டாம். அதே டீன்-லேப்ஸில் 3 ஆண்டு முடிவில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரும்புச்சத்து இருப்பு குறைந்திருந்தது, 13 சதவீதம் பேருக்கு மறுபடி வயிற்றில் ஏதோவொரு சிகிச்சை தேவைப்பட்டது. இதையெல்லாம் கேட்டால் உங்களுக்குத்தான் தலைசுற்றும்.

5. பந்தியில் கவனம்

ஆபரேஷன் முடிந்து நான்கைந்து மாதத்தில் ஒரு கல்யாணம் வரும். பையன் ஒரு இட்லியைப் பிட்டுப் பிட்டு, மென்று மென்று சாப்பிட்டுக்கொண்டிருப்பான். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கமாட்டான், அரைமணி போக வேண்டும் என்பான். விடாதீர்கள். பரிமாறுபவரை நிறுத்தி, "அந்த இலைக்கு ரெண்டு ஜாங்கிரி வைப்பா" என்று உத்தரவிடுங்கள். "ஒரு வாய் சாப்பிட்டா என்னடா ஆயிடும்?" பைபாஸ் செய்தவனாக இருந்தால் இனிப்பு குடலுக்குள் சட்டென்று இறங்கி, வியர்த்து, நெஞ்சு படபடத்து நாற்காலியைத் தேடுவான். உடனே திருஷ்டி என்று அறிவித்துவிடுங்கள். ஆயுசுக்கும் விழுங்க வேண்டிய வைட்டமின் மாத்திரைகளைக் கையில் எடுத்தால், "இத்தனை மாத்திரை போட்டா கிட்னி போயிடும்" என்று எச்சரியுங்கள். அவன் மாத்திரையை விட்டுவிட்டு, பி12 குறைந்து கால் மரத்துப்போனால் ஆபரேஷனைக் குறைசொல்லிக்கொள்ளலாம்.

6. எந்த முடிவுக்கும் ஒரே வசனம்

டீன்-லேப்ஸ் பிள்ளைகளை 10 ஆண்டு கழித்துப் பார்த்தபோது பிஎம்ஐ சராசரியாக 20 சதவீதம் குறைந்தே இருந்தது. சிலருக்கு எடை ஓரளவு திரும்பியும் வந்தது. உங்கள் மருமகன் இளைத்தால், "நான் அப்பவே சொன்னேன்." நாலு கிலோ ஏறினால், "நான் அப்பவே சொன்னேன்."

7. பையனிடம் மட்டும் பேசிவிடாதீர்கள்

நல்ல ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர் அவனைத் தனியே உட்காரவைத்து, "இது உன் விருப்பமா, வீட்டார் விருப்பமா?" என்று கேட்பார். சாப்பாடு, தூக்கம், ஸ்கூலில் படும் கேலி எல்லாம் அங்கே பேச்சுக்கு வரும். நீங்கள் அப்படியெல்லாம் கேட்கப்போனால் அவன் பதிலுக்குக் கேட்பான்: "மாமா, உங்க ஹெச்பிஏ1சி எவ்வளவு?"

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடுங்கள்.