கடல் மட்டத்தில் ஒரு மலைவண்டி

மட்டாஞ்சேரி

அன்புள்ள மாமாவுக்கு,



அன்றைக்குப் போனில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியவில்லை, பக்கத்தில் கோடவுன் முதலாளி நின்றார். "போடிமெட்டு அடிவாரத்துல பொறந்தவன், இங்க இருந்தவரைக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டுன. மலையே இல்லாத கொச்சிக்குப் போயி மலையேறுற வண்டி எதுக்குடா?" என்றீர்கள். நியாயமான கேள்வி.

அதற்கு முன்னால் ஒன்று. நான் வெளிநாட்டில் இருப்பதாக அம்மா தெருவெல்லாம் சொல்வதை யாரும் பொய் என்று சொல்ல வேண்டாம். 1949 வரை கொச்சி தனி ராஜ்ஜியம். தாத்தா காலத்தில் வந்திருந்தால் அசல் வெளிநாடுதான். நான் கொஞ்சம் லேட்.

வண்டி ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, செகண்ட் ஹேண்ட். முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18, இரண்டும் கம்பி வீல். சீட் உயரம் 823 மில்லிமீட்டர். என் உயரம் உங்களுக்குத் தெரியும். சிக்னலில் ஒரு கால்தான் தரையில் இருக்கும், இன்னொன்று ஆகாயத்தில் ஏதோ வேண்டுதலை நிறைவேற்றிக்கொண்டிருக்கும். நம்பர் கே.எல். 43, மட்டாஞ்சேரி ஆர்.டி.ஓ. டி.என். 60 ரத்தத்துக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

இங்கே நாலு தெரு நடந்தால் கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ், மலையாளம் எல்லாம் காதில் விழும். வண்டி வந்த வாரம் எல்லா மொழிக்காரரும் சுற்றிப் பார்க்க வந்தார்கள். பஜார் ரோட்டில் மூட்டை இறக்கும் சேட்டன் டயரை உதைத்துப் பார்த்தார். குஜராத்தி ரோட்டுச் சேட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அத்தனை மொழியிலும் கேள்வி ஒன்றுதான்: மைலேஜ் எவ்வளவு? நாற்பது என்றதும் அத்தனை முகமும் ஒரே மாதிரி சுருங்கியது.

வண்டியில் என்னென்ன மாற்றினாய் என்று தம்பி கேட்டானாம். யூடியூபில் முதலில் சைலன்சரை மாற்றுகிறார்கள், பிறகு மட்கார்டை அறுக்கிறார்கள். கேரளத்தில் அந்த ஆட்டம் செல்லாது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அந்த வழக்கே இங்கிருந்து போன ஆர்.டி.ஓ. அப்பீல்தான். அதே வருஷம் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும், கவனியுங்கள் மாமா. ஏலத்தோட்டத்துக்குப் போக உங்கள் ராஜ்தூத்தில் வெல்டு வைத்த மூட்டை கேரியர், லாரி ஹாரன், ஜீப்பிலிருந்து பிடுங்கிய லைட்டு எல்லாவற்றையும் கூட்டினால் வண்டி வாங்கிய விலையைத் தாண்டுகிறது.

என்னுடையது மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் மறக்காமல் கழற்றுவது சாரி கார்டை. ஹீரோ டீம் 2024 டாக்கர் ராலியில் இரண்டாம் இடம் வந்ததே, அந்த வண்டியில் சாரி கார்டு இருந்திருக்காது. நம் நாட்டிலோ மத்திய மோட்டார் வாகன விதி 123 இருக்கிறது. பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, மூன்றும் வேண்டும். ஆக, பாலைவனம் தாண்டிய வம்சத்து வண்டி சேலைக்கம்பியோடு சுக்கு மூட்டைகளுக்கு நடுவில் நிற்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இங்கே மலை இல்லை, தண்ணீர் உண்டு. கார்த்திகை, மார்கழியில் வேலியேற்றம் என்று ஒன்று வரும். வானத்தில் பொட்டு மேகம் இருக்காது. விடியும் நேரம் காயல் தண்ணீர் சாக்கடை வழியாகத் திரும்பி ஏறி வாசலில் வந்து நிற்கும். தெருவில் உள்ள ஸ்கூட்டர்களெல்லாம் மேட்டைத் தேடிப் போய்விடும். அன்றைக்குத்தான் என் வண்டியின் 220 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸுக்கும், இடுப்புயரத்துக்குத் தூக்கி வைத்த சைலன்சருக்கும் மரியாதை. லடாக் ஓடைகளைக் கடக்கக் கொடுத்த உயரத்தை வைத்துக்கொண்டு நான் பால் பாக்கெட் வாங்கப் போகிறேன். பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்துத்தான்.

போய்விட்டு வந்தபின் இருக்கிறது வேலை. உப்புத்தண்ணீர். கம்பியும் ரிம்மும் சேருகிற நிப்பிளில் முதலில் வெள்ளையாக ஒரு பொடி பூக்கும். விட்டால் மஞ்சளாகும், அதையும் விட்டால் காபிப்பொடி நிறம். காலையில் கோடவுனில் 8 எம்.எம். ஏலக்காய் சலிப்பு, சாயங்காலம் 8 எம்.எம். ஸ்பேனர் என்று பிழைப்பு ஓடுகிறது. நல்ல தண்ணீரில் கழுவி, பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு நிப்பிளாகத் தேய்த்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, ஒயர் கனெக்டருக்குள் கிரீஸ் வைத்து மூட வேண்டும். வீட்டுக்கார இத்தா (நம் ஊர் அக்கா), கம்பிக்குத் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னார். தடவினேன். தெருத்தூசி மொத்தமும் வந்து ஒட்டிக்கொண்டது, ஆனால் மணமாக இருந்தது. தேங்காயெண்ணெய் விலை ஏறியதிலிருந்து இத்தா அந்த யோசனையை வாபஸ் வாங்கிவிட்டார். சட்டத்துக்கு உட்பட்ட என் மாடிஃபிகேஷன் இவ்வளவுதான்.

ஊருக்கு வரும் வழியிலாவது வண்டியின் திறமையைக் காட்டலாம் என்று நினைத்திருந்தேன். கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை நம் போடி வழியாகத்தானே போகிறது. மூணாறிலிருந்து போடிமெட்டு வரை ஏறத்தாழ 42 கிலோமீட்டரையும் அகலப்படுத்தி 2024இல் திறந்துவிட்டார்கள். ரோடு மழமழவென்று கிடக்கிறது. முன்சக்கரத்துக்கு 190 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் வைத்திருக்கிறேன், குதிக்க ஒரு பள்ளம் கிடையாது. எக்ஸ்எல்லே போதுமே என்று நீங்கள் சொல்வது இங்கே கேட்கிறது.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வருகிறேன். இந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து கோயிலுக்குப் போக வேண்டும் என்று அத்தை சொன்னதாக அம்மா சொன்னார். தாராளமாகப் போகலாம், சாரி கார்டு இருக்கிறது. ஆனால் தரையிலிருந்து அத்தையால் ஏற முடியாது. கார் நிறுத்த வாசல் திண்ணையை இடிக்கப் போவதாகச் சொன்னீர்களே, தயவுசெய்து திருவிழா முடிகிறவரை பொறுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்