பிளவுஸ் பிட் எடுத்தல்: ஒரு வாசற்படி ஆய்வு

1. ஆய்வின் தேவை

"இத்துறையில் இதுவரை எவரும் ஆய்வு செய்யவில்லை" என்று தொடங்காத ஆய்வேட்டை நான் பார்த்ததில்லை. எனவே நானும் மரபை மீறாமல் தொடங்குகிறேன்: சென்னையில் மேட்சிங் பிளவுஸ் துணி எடுப்பது குறித்து இதுவரை எவரும் ஆய்வு செய்யவில்லை. தெரிந்தவர்கள் எல்லாம் துணியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஆய்வுப் பொருள், என் அத்தையின் பழைய அரக்குக் கலர் பட்டுப்புடவை. புடவை அப்படியே இருக்கிறது, பிளவுஸ்தான் பீரோவிலேயே சிறுத்துப்போய்விட்டது என்பது அத்தையின் கருதுகோள் (அத்தை, வாய்மொழி). மாற்றுக் கருதுகோள் ஒன்று உண்டு. அதை முன்வைக்கும் துணிவு இந்த ஆய்வாளனுக்கு இல்லை.

2. வரலாற்றுப் பின்னணி

கேட்டாலும் கேட்காவிட்டாலும் இது உண்டு. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்தக் கரையில் இடம் பிடித்ததற்கு முக்கியக் காரணம், இங்கே துணி மலிவு. துணி எடுக்க வந்தவர் சீக்கிரம் கிளம்பமாட்டார் என்பதற்கு இந்த நகரமே சான்று. தறிக்காரர்களைக் குடிவைக்க 1734 வாக்கில் உண்டானது சின்னத் தறிப் பேட்டை, அதாவது சிந்தாதிரிப்பேட்டை. கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை.

பாரிமுனைப் பக்கம் கோடவுன் தெரு இருக்கிறது. நம்முடைய 'கிடங்கு' கடல் கடந்து மலாயில் 'குடாங்' ஆகி, வெள்ளைக்காரன் வாயில் 'கோடவுன்' ஆகித் திரும்பி வந்து அந்தத் தெருவில் உட்கார்ந்துகொண்டது என்பார்கள். அது எங்கள் சொல் என்று தெலுங்குக்காரர்களும் சொல்லக்கூடும். வழக்கு நடக்கட்டும். அங்கே பெரும்பாலும் மொத்த வியாபாரம். இது தெரியாமல் நான் போய், "எண்பது சென்டிமீட்டர் கொடுங்க" என்றேன். கடைக்காரர் என் வேர்ச்சொல்லை ஆராய்பவர்போல் பார்த்தார். அத்தை என்னை இழுத்துக்கொண்டு மாம்பலம் வந்துவிட்டாள்.

3. சோதனை முறைகள்

அ. தடவல்: எல்லோரும் செய்வார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது.

ஆ. கசக்கல்: உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துவிட்டால் காட்டன் சுருங்கியே நிற்கும். பாலியெஸ்டர் ஒன்றுமே நடக்காததுபோல் விரிந்துகொள்ளும்.

இ. நூலை எரித்தல்: காட்டன், காகிதம் எரிந்த வாசனை. பட்டு, முடி கருகிய நாற்றம். பாலியெஸ்டர் உருகி மணிபோல் இறுகும். கடைக்குள் செய்யலாகாது.

ஈ. வாசலுக்குக் கொண்டுபோதல்: இதற்குத் தனி இயல் வேண்டும்.

4. வாசல்

அரக்கு என்பது ஒரே நிறம் என்று நினைத்துத்தான் ரங்கநாதன் தெருவை ஒட்டிய அந்த மேட்சிங் கடைக்குள் நுழைந்தேன். "எந்த அரக்குமா?" என்றான் பையன். மாதுளை அரக்கா, மெரூன் அரக்கா, மிளகாய்ப்பழ அரக்கா? (பையன், ஏணிமேல் நின்று.) டியூப்லைட் வெளிச்சத்தில் ஐந்து தான்கள், அதாவது துணிச் சுருள்கள், மேஜைமேல் விழுந்தன. ஐந்தும் புடவையோடு பொருந்தின. எனக்கு அத்தோடு ஆய்வு முடிந்தது.

அத்தைக்கு அங்கேதான் தொடங்கியது. ஒரு தானின் முனையைப் பிடித்து உருவிக்கொண்டே வாசலை நோக்கி நடந்தாள். பின்னால் தான் உருண்டு உருண்டு அவிழ்ந்தது. தானைப் பிடித்துக்கொண்டு பையன் ஓடினான். வாசற்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்து நின்று, புடவைத் தலைப்பைத் துணியின்மேல் போட்டு, கண்ணைச் சுருக்கி, "இது பிரவுன்" என்றாள். அடுத்தது. "இது கத்தரிக்காய்." மூன்றாவதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, பையனே சுருட்டிவிட்டான்.

இதில் பெரிய விஞ்ஞானம் இருக்கிறது. பட்டுக்குப் போட்ட சாயம் வேறு, காட்டனுக்குப் போட்டது வேறு. ஒரு விளக்கின் கீழ் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், வெயிலில் பிரிந்துவிடும். படித்தவர்கள் இதை மெட்டாமெரிசம் என்கிறார்கள். அத்தை இதை 'டியூப்லைட் பொய்' என்கிறாள் (அத்தை, நேரடிக் கூற்று, வாசற்படி, மாலை 4.10; இதே கருத்து, அத்தை, முந்தைய ஆடித் தள்ளுபடிப் பயணம், பஸ்ஸில், கம்பியைப் பிடித்தபடி; மறுப்பு, மாமா, காரணம் கூறாமல், சாப்பாட்டுக்கு முன்; மறுப்பு திரும்பப் பெறப்பட்டது, மாமா, சாப்பாட்டின்போது). படித்தவர்களின் சொல் நீளமானது. ஆனால் அதை வைத்துக்கொண்டு யாரும் வாசலுக்குப் போவதில்லை.

5. அளவு

அத்தை ஐந்தாவது தானோடு வெயிலில் நின்றபடி தலையாட்டினாள். உள்ளே நான் நிறங்களின் பெயரைக் குறித்துக்கொண்டிருந்தேன். "எவ்வளவு சார் கிழிக்க?" என்றான் பையன்.

இங்கே கற்றவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "பன்னா எவ்வளவு?" பன்னா என்றால் துணியின் அகலம். 44 இன்ச் பன்னா என்றால் 80 சென்டிமீட்டர் போதும். 36 என்றால் ஒரு மீட்டராவது வேண்டும். 1956-இல் சட்டம் போட்டு மீட்டர் கொண்டுவந்தார்கள். பன்னா மட்டும் இன்ச்சிலேயே நின்றுவிட்டது. நீளம் ஒரு மொழி, அகலம் ஒரு மொழி. நான் ஒரு மொழிதான் படித்தவன். "எண்பது" என்றேன். சர்ரென்று கிழித்துவிட்டான்.

லைனிங் துணியை முதல்நாள் இரவே தண்ணீரில் போடவேண்டும் என்பதை மட்டும் சரியாகச் செய்தேன்.

"பன்னா கேக்கலையா சார்? இது முப்பத்தாறு" என்றார் தையல்காரர், துணியை மேஜையில் விரித்து டேப்பைப் போட்டுவிட்டு. மறுநாள் கடைக்கு ஓடினேன். அந்தத் தான் தீர்ந்துபோயிருந்தது. கடைசியில் தையல்காரரே வழி சொன்னார்: "கைக்கு அடியில லைனிங்ல ஜாயிண்ட் போட்டுடறேன். அம்மா கையத் தூக்காம இருந்தா தெரியாது."

6. முடிவுகள்

நிறம் வெயிலிலும் பொருந்தியது. கல்யாண மண்டபத்து விளக்கிலும் பொருந்தியது. கெட்டிமேளம் கொட்டியதும் எல்லோரும் கையை உயர்த்தி அட்சதை வீசினார்கள். அத்தை மட்டும் முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு விரலால் சுண்டினாள். முன்வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். அட்சதை முழுக்க என் தலையில் விழுந்தது.