உய்த்துணர் படலம்: மண்டகப்பட்டுக் குடைவரையும் ஒரு பொத்தானும்

இக்கட்டுரை என்னுதலிற்றோ எனின், என் அக்காள் மகன் என்ன வேலை பார்க்கிறான் என்பதை ஊராருக்கு விளக்குதல் நுதலிற்று.

பையன் செஞ்சியில் பிறந்தவன். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில், ஜன்னல் திறக்க முடியாத கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் ‘யூ.எக்ஸ். டிசைனர்’. இப்பதவி குறித்து உறவினரிடையே மூன்று பாடபேதங்கள் வழங்குகின்றன. பெரிய அத்தை அதைத் தையல் என்று கொள்வார். ஜாக்கெட்டுக்குப் புது மாதிரி கழுத்து வைத்துத் தரச்சொல்லி இருமுறை துணி கொடுத்தனுப்பியிருக்கிறார். சின்ன மாமா கட்சியினர் வீட்டுக்குச் சாயம், திரைச்சீலை பார்த்துச் சொல்லும் வேலை என்பர். கல்யாணப் பத்திரிகை அடிப்பவன் என்பது மூன்றாம் பாடம். சான்று வலுவுள்ளது இதற்குத்தான்: குடும்பத்தில் கடைசியாக நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் பத்திரிகை செய்தவன் அவனே, கூலி வாங்காமல்.

மூன்றும் பிழை. இத்தொழில் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டகப்பட்டில் தோன்றியது என்பது நம் துணிபு.

முதலில் சொல்லாராய்ச்சி. அது இல்லாமல் தமிழில் எந்த ஆய்வும் கரையேறியதில்லை. டொனால்ட் நார்மன் என்பவர் 1993 வாக்கில் ஆப்பிள் நிறுவனத்தில் ‘யூசர் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற சொல்லைத் தம் பதவிப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டார், அதிலிருந்தே யூ.எக்ஸ். பரவியது என்பர் மேலைநாட்டார். நாம் அதை ஏற்கவில்லை. ‘உய்’ என்பதே அதன் வேர். நன்னூல் சொல்லும் 32 உத்திகளில் ‘உய்த்துணர வைப்பு’ என்று ஒன்று உண்டு. எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லாமல், படிப்பவனே கண்டுகொள்ளும்படி விட்டுவைப்பது. கையில் போனை வாங்கியவன் யாரையும் கேட்காமல் பணம் அனுப்பிவிட வேண்டும் என்று மருமகன் தலையைப் பிய்த்துக்கொள்வதும் இதற்காகத்தான். உய்த்துணர், உய்க்ஸ், யூ.எக்ஸ். இதை அவனிடம் சொன்னேன். “மாமா, தயவுசெஞ்சு இத ஆபீஸ் பக்கம் வந்து சொல்லிடாதீங்க” என்றான். பெரிய உண்மைகள் முதலில் வீட்டுக்குள்ளேயே அமுக்கப்படுகின்றன.

இனிக் கல்வெட்டு. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் 20 கி.மீ. வாக்கில் மண்டகப்பட்டு. பாறையைக் குடைந்து பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் செய்த கோயில் அங்கே இருக்கிறது. கிரந்த எழுத்தில் ஒரே ஒரு சுலோகம். (வடமொழியில் இருப்பது நம் சொல்லாராய்ச்சிக்குச் சற்று இடைஞ்சல், கடந்து செல்வோம்.) பிரமன், ஈசன், விஷ்ணு மூவர்க்கும் விசித்திரசித்தன் (மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்) என்னும் அரசன் ‘லக்ஷித’ என்னும் இந்தக் கோயிலைச் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் செய்வித்தான் என்பது அதன் பொருள்.

இங்கே சற்று உட்கார வேண்டும். கல்வெட்டு என்றாலே ‘இருக்கிறது’ பட்டியல்தான். இன்ன நிலம், இன்ன பொன், நந்தாவிளக்கு எரிய 96 ஆடு. சோழர் கோயில் சுவர்களில் ஆடு எண்ணியே ஆய்வாளர் கண் பூத்துப்போயிருக்கிறது. மண்டகப்பட்டு மட்டும் ‘இல்லை’ பட்டியல் போடுகிறது. என்னென்ன வைத்தேன் என்று சொல்ல ஆயிரம் அரசர் உண்டு. எதை எதை வைக்கவில்லை என்று கல்லில் வெட்டிப் பெருமைப்படுகிறவன், தொழிலால் யூ.எக்ஸ். டிசைனராக அன்றி வேறு யாராக இருக்க முடியும்?

நான்கு ‘இல்லை’க்குப் பின்னால் நான்கு கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும். சூளைக்காரர், தச்சர், கொல்லர், சுண்ணாம்புக்காரர் ஆகிய நால்வரும் அரசனைச் சுற்றி உட்கார்ந்திருப்பர். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓரமா ஒரு மரத் தூண்? யார் கண்ணுக்கும் தெரியாம?” ஓலை ஆதாரம் இல்லை. ஆனால் மருமகனின் புதன்கிழமைகளை வைத்து இதை மீட்டெடுக்கலாம். ஒரு திரையில் ஒரே ஒரு பொத்தான் போதும் என்று அவன் வரைந்து வைப்பான். விற்பனைப் பிரிவு ஒரு சலுகைப் பட்டையைச் சேர்க்கச் சொல்லும். சட்டப் பிரிவு நான்கு வரி நிபந்தனை கேட்கும். மேலதிகாரி எதுவும் கேட்கமாட்டார். லோகோவைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லிவிட்டு எழுந்துபோவார். மாலைக்குள் பொத்தான் திரைக்குக் கீழே போயிருக்கும், விரலால் தள்ளித்தான் தேட வேண்டும். மகேந்திரவர்மனுக்கு இருந்த ஒரே வசதி, மேலதிகாரியும் அவனே.

கூட்டம் இல்லாத நேரத்தில் அவன் என்ன செய்கிறான்? காலை பத்து மணிக்கு எல்லோரும் நின்றுகொண்டு, நேற்று செய்ததையும் இன்று செய்யப்போவதையும் ஒப்பிக்கிறார்கள். பிறகு மஞ்சள் சீட்டுகளைச் சுவரில் ஒட்டுகிறார்கள். பிறகு ஃபிக்மா என்ற மென்பொருளில் பெட்டி வரைகிறான். பெட்டியின் மூலை எவ்வளவு வளைய வேண்டும் என்பதில் ஒரு வாரம் போகிறது. சிரிக்கக் கூடாது. மகேந்திரவர்மன் தூண்களைப் பாருங்கள்: கீழே சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, மேலே மறுபடி சதுரம். மண்டகப்பட்டில் இதைத் தீர்மானித்துவிட்டு, தளவானூர், சீயமங்கலம் என்று போன இடமெல்லாம் அதே தூணை இறக்கினான். இதற்கு ‘டிசைன் சிஸ்டம்’ என்று பெயராம். மருமகனுடைய நிறுவனத்தில் அதற்கென்று தனிக் குழுவே இருக்கிறது. ஒரு வேற்றுமை உண்டு. இவன் கோப்புகள் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் இரண்டு’, ‘நிஜ ஃபைனல்’ என்று வளரும். பாறையில் உளி ஒரு தடவை இறங்கினால் இறங்கியதுதான்.

தன் வேலையைப் பற்றி நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்ற தவிப்பும் அங்கிருந்தே வருகிறது. விசித்திரசித்தன், குணபரன், மத்தவிலாசன், சித்திரகாரப்புலி என்று மகேந்திரவர்மன் சேர்த்த பட்டங்கள் பலவற்றைப் பல்லாவரம் குடைவரையில் வரிசையாகக் காணலாம். மருமகனின் லிங்க்ட்இன் பக்கமும் ஏறக்குறைய அப்படித்தான். அரசன் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்று ஒரு கேலி நாடகமும் எழுதினான். நாலு ‘இல்லை’க்காகப் போராடியவன் நகைச்சுவைக்குத் திரும்பியது இயல்பே. மருமகன் இரவில் மீம்ஸ் போடுகிறான்.

தமிழில் செயலி செய்வது தனித் துன்பம்; அவன் குரல் உடைவது இங்கேதான். ‘சப்மிட்’டுக்கு அளந்து வைத்த பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ வந்து உட்காரும்போது ‘வும்’ வெளியே தொங்குகிறது. ஆங்கிலத்துக்கு விட்ட வரி உயரத்தில் ‘கீ’ தலையை இழக்கிறது, ‘மூ’ காலை இழக்கிறது. மொழிபெயர்த்து வரும் பட்டியலில் ‘ஹோம்’ வீடாகிவிடும், டிக்கெட் ‘புக்’ செய்யும் இடம் புத்தகமாகிவிடும். ‘ஓகே’ ஒன்றுதான் ‘சரி’ என்று இரண்டே எழுத்தில் பிசகாமல் அடங்குகிறது.

எதிர்க்கட்சிக்குச் சான்று செஞ்சிக் கோட்டை. பயனர் உள்ளே வரவே கூடாது என்று செய்த வடிவமைப்பு அது. ராஜகிரிமேல் ஏறினால் வாசலுக்கு மேல் வாசல். உச்சிக்கு முன்னால் ஒரு பிளவு, அதன்மேல் ஒரு பாலம். 1690இல் வந்து முற்றுகையிட்ட முகலாயத் தளபதி சுல்பிகர் கான் கோட்டையைப் பிடித்தது 1698இல். கடவுச்சொல் மறந்தவர்கள் இதைக் கேட்டு ஆறுதல் கொள்க.

இறுதியாகக் கள ஆய்வு. ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்பது இத்துறை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் வாக்கு. நமக்குக் கிடைத்தவர் ஒருவர், எங்களை மண்டகப்பட்டுக்கு ஏற்றிவந்த ஆட்டோக்காரர். குடைவரையை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்று மருமகன் சைகை காட்டினான். வாசலின் இரு பக்கமும் நிற்கும் துவாரபாலகரைக் கண்டதும் அவர் தாமாகவே செருப்பைக் கழற்றினார். உள்ளே பின்சுவரில் மூன்று அறைகள், மூன்றும் காலி. ஒரு கணம் நின்றார். பிறகு நடு அறைக்கு நேரே போய்க் கும்பிட்டார்.

“அண்ணே, உள்ள ஒண்ணும் இல்லியே?” என்றான் மருமகன்.

“அதான் நடுவுல வாசப்படி வெச்சிருக்காங்களே தம்பி. சாமி வெளிய போயிருக்கும்.”

மருமகன் இதை அப்படியே போனில் குறித்துக்கொண்டிருந்தபோது சென்னையிலிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. எனக்குக் காட்டினான். அந்த ஒற்றைப் பொத்தான் திரையில் இடம் நிறைய வீணாகிறதாம், ஏதாவது போட்டு நிரப்ப முடியுமா, ஒரு சின்ன மாற்றம்தானே என்று கேட்டிருந்தார்கள். அவன் துவாரபாலகரின் கதாயுதத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்தான்.