பிராய்டு மேசையில் நம்ம ஊர்ப் பெருமாள்

நாகர்கோவில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து "சைக்காலஜி படிக்கேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவியல் வருவதற்குள் மாமா ஒருவர் கேட்பார்: "அப்ப நான் இப்ப என்ன நெனைக்கேன்னு சொல்லு பாப்போம்?" (அடுத்த பாயசம் எப்போ என்றுதான். இதற்கு எம்.எஸ்ஸி. வேண்டுமா?)

இந்த வில்லங்கத்தை இந்தியாவில் முதலில் விலைக்கு வாங்கியவர்களில் ஒருவர் கல்கத்தாவின் கிரீந்திரசேகர் போஸ். 1910இல் டாக்டர். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மேஜிக், ஹிப்னாடிசம் என்று சின்ன வயதிலேயே கிறுக்குப் பிடித்த ஆள். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சைக்காலஜி துறை திறந்ததும் மறுபடி மாணவராகி, 1917இல் எம்.எஸ்ஸி., 1921இல் டி.எஸ்ஸி. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அந்தத் துறை வந்து சேர 1943 ஆனது. நாம் எதையும் யோசித்துத்தானே செய்வோம்!

1922இல் மனப்பகுப்பாய்வுக்கு ஒரு சங்கம். இடம்? போஸ் வீடு. தலைவர்? போஸ். 1953இல் கண்மூடும்வரை நாற்காலி ஆடவேயில்லை. நம்ம ஊர் வாசகசாலைத் தலைவர்கள் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

பிறர் மனசை அலசுகிறவர் முதலில் தன் மனசை இன்னொருவரிடம் கொடுத்து அலசிக்கொள்ள வேண்டும் என்பது அந்தத் தொழிலின் விதி. கல்கத்தாவில் போஸை அலச ஆள் ஏது? தானே அலசிக்கொண்டார், முகச்சவரம் மாதிரி.

மனப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த, வியன்னாவில் இருந்த பிராய்டுடன் கடிதப் போக்குவரத்து உண்டு, முகம் பார்த்ததில்லை. அதனால் என்ன? அண்ணன் ராஜசேகர் போஸின் நகைச்சுவைக் கதைகளுக்குப் படம் போடும் ஜதீந்திர குமார் சென், கற்பனையிலேயே ஒரு பிராய்டை வரைந்துவிட்டார். அதை அவருக்கே அனுப்பியும் வைத்தார்கள்! படம் பிரமாதம், ஆள்தான் அவ்வளவு அழகில்லை என்கிற ரீதியில் பதில் வந்தது. கல்யாணத் தரகர் போட்டோ காட்டி மாட்டிக்கொண்ட கதைதான்.

1931. பிராய்டுக்கு 75 வயது. கல்கத்தா சங்கத்தின் பரிசு: தந்தத்தில் ஒரு விஷ்ணு, தலைக்குமேல் நாகம் குடை பிடிக்க. செதுக்கியது எங்கே தெரியுமா? திருவிதாங்கூரில்! நாஞ்சில் நாடு அப்போது அந்தச் சமஸ்தானம்தானே. நம்ம கணக்கிலேயே எழுதிக்கொள்வோம்.

மனைவி யூத வழக்கப்படி வெள்ளிக்கிழமை விளக்கேற்றக்கூட விடாத மனுஷர் பிராய்டு. அவர் மேசைமேல் பெருமாள் ஏறி ஜம்மென்று உட்கார்ந்தார்.

சில மாதத்தில் தந்தத்தில் விரிசல் விழுந்தது, மரப்பீடத்திலும்தான். கல்கத்தாவுக்குப் பழகிய சாமிக்கு வியன்னா சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று யோசித்தாராம் பிராய்டு.

கல்கத்தாவாம்! ஊர் உலகத்தின் அடிமனசையெல்லாம் துருவிய மேதை, சாமிக்கு எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?